மூன்றாவது கை

இந்த ஒரு தடவையாவது அந்தக் கை மேலே போகாமல் இருக்கட்டும். சீட்டுகளை விசிறிபோல் பிடித்தபடி அவள் அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தாள்.

எதிரே மாமியார். இடப்பக்கம் நாத்தனார், வலப்பக்கம் கணவன். சாப்பாட்டு மேசையின் நடுவில் சீட்டுக்கட்டும் ஓரம் கிழிந்த ஒரு பள்ளிக்கூட நோட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் விதிகள் அந்த நோட்டில்தான் இருந்தன. ஒரு சுற்று முடிந்ததும் யார் வேண்டுமானாலும் புது விதி சொல்லலாம். மூன்று கை உயர்ந்தால் அது சட்டம். அவள் கல்யாணமாகி வந்தபோது ஒன்பது விதிகள். இப்போது இருபத்தாறு.

'வீட்டுக்குக் கடைசியாக வந்தவர் கடைசியாகத்தான் சீட்டு எடுக்க வேண்டும்' என்பது பத்தாவது. 'தொடர்ந்து இரண்டு முறை ஜெயித்தவர் எல்லோருக்கும் டீ போட வேண்டும்' என்பது பதினொன்றாவது. அப்படி ஜெயிப்பவள் அவள் ஒருத்திதான். அவள் வந்த பிறகு சேர்ந்த பதினேழு விதிகளுக்கும் மூன்றாவது கை கணவனுடையது.

இன்றைக்குப் பந்தயம் பெரிது. வேறு ஊரில் ஒரு கண் ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிட்டிருந்தது. பார்வை பரிசோதிக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் செய்ததுதான். தங்க வீடும் தருவார்கள். நாளை மறுநாள் சேர வேண்டும்.

மடிக்கணினியைத் திறந்தால் அதுவே அலுவலகம் என்றிருக்கும் கணவன், "அம்மா என்ன சொல்றாங்களோ" என்றான். அம்மா, "ஆடிப் பாத்துடலாம். அவ ஜெயிச்சா போகட்டும்" என்றாள்.

போன் அடித்தது. அவள் எடுத்து, "அஞ்சு மணிக்குள்ள சொல்லிடறேன். அதுவரைக்கும் ரெண்டையும் அப்படியே வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"தையல் கடையா அண்ணி?" என்றாள் நாத்தனார். "எப்பக் கேட்டாலும் நாளைக்கும்பான். அவனுக்கு மட்டும் நாளைங்கிறது வரவே வராது."

அவள் சிரித்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.

நான்காவது சுற்றில் சீட்டுகளை மேசைமேல் வரிசையாக விரித்து வைத்தாள். நாத்தனார் இரண்டு தடவை சரிபார்த்தாள். குறை ஒன்றுமில்லை.

"ஜெயிச்சிட்டியே" என்று கணவன் சிரித்தான். அந்தச் சந்தோஷம் நிஜம்தான்; அதுதான் அவளுக்கு வேதனை. அறைக்குள் இருக்கும்போது, "நீ சொல்றதுதான் சரி" என்பான். இந்த மேசைக்கு வந்ததும் அவன் கை மட்டும் வேறு யாருடையதோ ஆகிவிடும்.

மாமியார் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "ஒரு புது விதி. பெரிய பந்தயத்துக்கு ஒரு ஆட்டம் பத்தாது. மூணுல ரெண்டு ஜெயிக்கணும்."

"நான் ஜெயிச்ச பிறகா அத்தை?"

"விதி எப்ப வேணா மாறும். அதுதானேம்மா இந்த ஆட்டமே." மாமியாரின் கை உயர்ந்தது.

"அண்ணி போயிட்டா டீ யார் போடறது? எனக்குச் சுடுதண்ணியே தீஞ்சு போகும்." நாத்தனாரின் கையும் உயர்ந்தது.

இரண்டு. அவள் வலப்பக்கம் திரும்பினாள். மேசைமேல் கிடந்த அந்தக் கையில் மோதிர விரல் மட்டும் லேசாக அசைந்தது.

முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பாள். சிலர் கடைசிவரை, "ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது" என்பார்கள். அவர்களுக்கு எந்த எண்ணை எழுதிக்கொடுப்பது என்று அவளுக்குப் புரிந்ததே இல்லை.

"விளையாட்டுதானே" என்றான் கணவன், அவள் முகத்தைப் பார்க்காமல். கை எழுந்தது. தோள் உயரம்கூட வரவில்லை. ஆனாலும் கணக்கில் மூன்று.

மாமியார் இருபத்தேழு என்று போட்டு எழுதி முடித்தாள். "சீட்டைக் கலைச்சுப் போடும்மா."

அவள் கட்டைத் தொடவில்லை. போனை எடுத்து, கடைசியாக வந்த எண்ணை அழுத்தினாள்.

"இன்னும் ஒரு ஆட்டம் ஜெயிச்சா போதும். உன்னால முடியாததா? போடேன்" என்றான் கணவன்.

"வேண்டாங்க, நான் பாக்க வேண்டியதைப் பாத்துட்டேன்."

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். அவள் குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"பஸ் ஆபீஸா? ராத்திரி வண்டிக்கு ரெண்டு டிக்கெட் பிடிச்சு வைக்கச் சொல்லியிருந்தேனே, ஒண்ணு போதும்."