வயிற்றுக்குள் வந்த வலை

ஒரு மனிதனின் வயிற்றுச் சுவர் கிழிந்திருந்தது. அதைத் தாங்க மருத்துவர் ஒரு வலையை வைத்துத் தைத்தார். வைத்ததுதான் தாமதம், காவலுக்கிருந்த வெள்ளையணுக்கள் வந்து சூழ்ந்துகொண்டன.

“எந்த ஊர்டா நீ?” என்றது மூத்த அணு.

“வேலைக்கு வந்தவன் அண்ணே. கிழிசலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

“உங்கிட்ட நம்ம வாசனை இல்லையே.”

வாசனை சேராதவனைச் சதையால் மூடிவிடுவது அங்கே வழக்கம்.

பக்கத்துக் குடலில் ஒரு கொக்கிப்புழு சாவகாசமாக ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த வலைக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணே, திருடன் அங்க இருக்கான்.”

“அவரா? நம்ம மாமாடா. அவர் ரெண்டு வார்த்தை பேசினாப் போதும், எங்க கோபமெல்லாம் ஆறிடும்.”

புழு வாயைத் துடைத்துக்கொண்டது. “பாவம், புதுசா வந்த பையன். குளிரும். நல்லா இறுக்கிப் போர்த்திவிடுங்க மாப்பிள்ளைகளா.”

அணுக்கள் இறுக்கின. வலை சுருங்கச் சுருங்க, ஓரத்துத் தையல்கள் விட்டுப்போயின. அது எவ்வளவு எட்டிப் பிடித்தும் கிழிசல் மறுபடி திறந்துகொண்டது.

“பாத்தீங்களா மாமா,” என்றது மூத்த அணு, “இவன் காலை வச்சான், வீடே கிழிஞ்சுபோச்சு.”