போனக்காவின் ஓட்டு

வாக்கெடுப்புக்கான முதல் மணி அடித்தபோது அவர் நாடாளுமன்றத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில் நின்று, அறுந்த செருப்பு வாருக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தார்.

எதிர்க்கட்சி உறுப்பினர். எங்கள் ஊர்க்காரர். ஊரில் அவருக்குப் போனக்கா என்று பெயர். அரசியலுக்கு வருமுன் ஆம்புலன்ஸ் சேவையில் போன் எடுக்கும் வேலை பார்த்தவர்.

நான் டாக்டர். அன்றைக்கு ஓட்டுக்கு வந்த மருத்துவச் சட்டத்தை எழுதிய குழுவில் நானும் ஒருத்தி. "உங்க ஊர் அம்மாதானே, நீங்களே போய்ப் பேசுங்க" என்று அமைச்சர் அனுப்பியிருந்தார்.

நாட்டில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் காசு கேட்காமல் வைத்தியம். அவ்வளவுதான் சட்டம். அதற்கான பணம் சிகரெட் மீது போடும் புது வரியிலிருந்து வரும்.

எங்கள் ஊரில் பிழைப்பு என்றாலே சிகரெட் ஆலைதான். வரி வந்தால் ஆலையை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அக்காவின் கணவர் அங்கேதான் மெஷின் ஓட்டுகிறார். கொஞ்ச நாளாக அவர் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று ஊரே சொன்னது.

தேர்தலோ தலைக்கு மேல் நின்றது. சட்டத்தை எதிர்க்கச் சொல்லி அவருடைய கட்சி உத்தரவு போட்டிருந்தது. ஆளும் கட்சிக்கு ஒரே ஓர் ஓட்டு குறைந்தது.

நான் சொல்ல வந்ததை ஒப்பித்தேன். அவர் சட்டத்துக்கு ஆதரவாக எழுந்து நின்றால் போதும். அடுத்த தேர்தலில் அவர் தொகுதியில் ஆளும் கட்சி யாரையும் நிறுத்தாது. அவர் கட்சி அவரை நீக்கினாலும், சுயேச்சையாக நின்று சுலபமாக ஜெயித்துவிடலாம்.

ஊக்கு விரலில் குத்திவிட்டது. விரலை உதறிக்கொண்டே கேட்டார்.

"அப்ப, ஓட்டை வித்துட்டான்னுதானே ஊர்ல பேசுவாங்க? சட்டத்துக்கும் அந்தப் பேருதானே வரும்?"



அதற்குள் அவர் கட்சிக் கொறடா அவசரமாக வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். எதிர்த்துப் போட மனசில்லை என்றால் போட வேண்டாம், பாத்ரூம் பக்கம் போய்விட்டு மெதுவாக வந்தால் போதும், மேலிடத்தில் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனிதர். அக்காவைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

அந்த யோசனையில் எந்தக் குறையும் இல்லை. ஆலைக்காரர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கட்சியும் சும்மா இருக்கும், வீட்டுக்காரரும் பேசத் தொடங்குவார். சட்டம் மட்டும் தோற்கும்.

அக்கா அவருக்குத் தலையை ஆட்டி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"போன்ல கூப்பிடறவங்க, என்ன ஆச்சுன்னு சொல்ல மாட்டாங்க. எவ்வளவு ஆகும்னுதான் மொதல்ல கேப்பாங்க. சொன்னதும் சில பேர், சரிங்கன்னு வெச்சிடுவாங்க. திரும்பக் கூப்பிட்டா எடுக்க மாட்டாங்க."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை.

இரண்டாவது மணி அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்க தொகுதியில ஆள் நிறுத்தச் சொல்லு. நல்ல ஆளா நிறுத்தச் சொல்லு. நான் தோத்தாலும், வர்றவங்க இந்தச் சட்டத்தைக் கலைக்காதவங்களா இருக்கணும்."

உள்ளே போய்விட்டார்.

நான் மூச்சிரைக்க மாடி ஏறிப் பார்வையாளர் வரிசைக்குப் போனேன். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்று சபாநாயகர் சொன்னார். ஆளும் கட்சி மொத்தமாக எழுந்தது.

எதிர்ப்பக்கத்தில் ஒருவர் மட்டும் எழுந்தார்.

பக்கத்து இருக்கைக்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா திரும்பிப் பார்க்காமல் கையை விடுவித்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்து ஒருவர் "துரோகி" என்றார். இன்னொருவர் அதைவிட மோசமாக ஒன்று சொன்னார்.

எண்ணியவர்கள் நம்பாமல் மறுபடியும் எண்ணினார்கள். அதுவரை நின்றார்.  அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரியையும் நாங்கள் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியிருந்தோம். அதற்காக நின்றவர் அவர்.

சட்டம் நிறைவேறியது. அன்று மாலையே கட்சி அவரை நீக்கியது.

முதலாளி ஆலையை மூடவில்லை. ஒரு ஷிஃப்டைக் குறைத்தார். வேலை போனவர்களில் அக்காவின் கணவரும் ஒருவர்.

தேர்தலில் அக்கா சுயேச்சையாக நின்றார். வீடு வீடாக நடந்தார். சில வீடுகளில் அவர் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் அவர் கணவர். எப்போது பேசத் தொடங்கினார் என்று யாருக்கும் தெரியவில்லை.

சட்டம் பிடித்தவர்கள், அதைக் கொண்டுவந்த ஆளும் கட்சிக்குப் போட்டார்கள். பிடிக்காதவர்கள், அக்காவின் பழைய கட்சிக்குப் போட்டார்கள். எந்தச் சட்டத்துக்காக எழுந்து நின்றாரோ, அதற்காக அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். மூன்றாவதாக வந்தார்.

ஆளும் கட்சி ஜெயித்தது. எங்கள் தொகுதியில் அவர்கள் நிறுத்திய ஆள் நான்.

முடிவை அறிவித்ததும், அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பதவியேற்பு என்னைக்குன்னு சொல்லு. நானும் வர்றேன்."