பெஞ்சில் ஒரு ஞானி

"அங்க பாருங்க. ஓய்வுன்னா அதுதானுங்க!" என்று ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள் ரஞ்சனி.

தோட்டத்தின் கடைசியில், பெரிய தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே கிடந்த பெஞ்சில் இளங்குமரன் உட்கார்ந்திருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி மேனேஜர். நேற்று சாயங்காலம் காரிலிருந்து இறங்கும்போது காதுக்கு ஒன்றாக இரண்டு போனில் பேசிக்கொண்டிருந்த மனிதர், இப்போது ஆடவில்லை, அசையவில்லை.

கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டியிருந்த மாமனார் பங்களாவை 'போன் இல்லாத ஓய்வு இல்லம்' ஆக்கியிருந்தாள் ரஞ்சனி. வருகிறவர்களின் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள். ஆனால் நிம்மதி வருவதற்கு முன்னால் போன் ஞாபகம் வந்து, இதுவரை வந்தவர்கள் எல்லாரும் மறுநாளே மூட்டை கட்டிவிட்டார்கள்.

"இப்ப வந்திருக்கற மூணு பேரும் ஓடிட்டாங்கன்னா பங்களாவ லீசுக்கு உட்டுர்றேன். நீ பேசாம ஊட்டுல இரு" என்று கணவர் பாலகுமார் கறாராகச் சொல்லிவிட்டார். ஆசை ஆசையாக ஆரம்பித்தது. ரஞ்சனிக்கு அதை விட மனசில்லை.

இப்போது சென்னை ரேஷ்மா பெட்டியும் கையுமாக எதிரே நின்றாள். "மேடம், என் போனைக் குடுத்துடுங்க. ராத்திரி பூரா தலகாணிக்கு அடியில கையை விட்டுத் தேடிட்டே இருந்தேன். சத்தியமா என்னால முடியல."

"எனக்குந்தானுங்க" என்று சேர்ந்துகொண்டார் ஈரோட்டு லீலாவதி. ரிட்டயரான தலைமையாசிரியை. "காலைல நான் குட்மார்னிங் அனுப்பலீன்னா, போய்ச் சேந்துட்டேன்னு நெனச்சு சொந்தக்காரங்க கெளம்பி வந்துருவாங்க."

நேரம் பார்த்துத் தோட்டக்காரர் காத்தமுத்து தலையை நீட்டினார். "அம்மா, கீழ வேலி சாஞ்சு கெடக்குது. டவுனுக்குப் போயி கம்பி வாங்கியாரட்டா?"

"போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்று அவரை விரட்டிவிட்டு ரஞ்சனி இந்தப் பக்கம் திரும்பினாள். "அந்தச் சாரும் ராத்திரி உங்கள மாதிரித்தானுங்க குதிச்சாரு. இப்பப் பாருங்க! சாயங்காலம் வரைக்கும் இருங்க. அப்பவும் முடியலீன்னா நானே பீரோவத் தொறந்து உடறேன்."

இருவரும் அரை மனதாக வராந்தாவில் உட்கார்ந்தார்கள். மனம் மாறுவதற்குள் தைல மர இலை போட்ட வெந்நீரைக் கொண்டு வந்து இருவர் காலடியிலும் வைத்தாள் ரஞ்சனி. சும்மா இருந்தால் கை போனைத் தேடும் என்று நடுவில் ஒரு கூடை பச்சைப் பட்டாணியையும் வைத்தாள்.

பட்டாணியை உரித்துக்கொண்டே இருவரும் பெஞ்சைப் பார்த்தார்கள். மூடுபனி வந்து ஆளை மறைத்தது, விலகியது. மனிதர் பிடித்து வைத்த பிள்ளையாராக அப்படியே இருந்தார்.

"மூச்சாவது விடறாரா?" என்றாள் ரேஷ்மா.

"விடுவாருங்க. நமக்குத் தெரியற மாதிரியா விடுவாரு?" என்றார் லீலாவதி பயபக்தியோடு. அவர் மாதிரியே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தும் பார்த்தார்.

சாப்பிடக் கூப்பிட்டபோது இளங்குமரன் திரும்பக்கூட இல்லை. "பசியே மறந்துருச்சு பாருங்க. யாரும் கலைக்க வேண்டாம்" என்று ரஞ்சனி வாயில் விரலை வைத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் அதிசயம் நடந்தது. ரேஷ்மா பிரம்பு நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிப்போனாள். லீலாவதி ஆறிப்போன வெந்நீரில் காலை ஆட்டிக்கொண்டு, தனக்குத்தானே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

எழுந்தபோது ரேஷ்மாவின் முகம் கழுவி விட்டதுபோல் இருந்தது. "மேடம், இப்படித் தூங்கி எத்தனை நாளாச்சு! போன் பீரோவுலயே இருக்கட்டும், நான் ஞாயித்துக்கெழமதான் கிளம்புவேன்" என்றாள். ரஞ்சனிக்கு ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. பாலகுமாருக்கு என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகையே பார்த்துவிட்டாள்.

"எல்லாம் அவரு புண்ணியம். ஒரு டீயாச்சும் குடுக்கோணுமுங்க" என்றாள்.

டீயும் வர்க்கியுமாக மூவரும் தோட்டத்தில் இறங்கினார்கள். தொட்டிக்கு முதுகைக் காட்டியபடி இளங்குமரனின் முன்னால் வரிசையாக நின்றார்கள்.

அந்தக் குளிரிலும் அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மூக்கின் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது, அதைக்கூட அவர் விரட்டவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஆனந்தக் கண்ணீருங்க!" என்று ரஞ்சனி நெகிழ்ந்தாள்.

லீலாவதி இரண்டு கையையும் கூப்பினார். "மனச இப்படி அடக்கறதுக்கு என்னங்க வழி? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

இளங்குமரனின் உதடு மட்டும் அசைந்தது.

"சத்தம் போடாதீங்க... தொட்டிக்குப் பின்னால காட்டெருமை படுத்திருக்குது. எல்லாரும் இப்படியே உக்காருங்க."