பிள்ளையார் எந்தப் பக்கம்?

“ஐயையோ, பிள்ளையாரு இடப்பக்கமா சுத்துறாரு! நிறுத்துங்க, நிறுத்துங்க!”

நாகவல்லி போட்ட சத்தத்தில் வீரணன் அவசரமாகச் சுவிட்சை அணைத்தார்.

காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே பித்தளைச் சாமி சிலைகள் விற்கிறாள் நாகவல்லி. வாட்ஸ்அப்பில் படம் போட்டால் போதும், “முன்பக்கம் மட்டும் காட்டுறீகளே, பின்பக்கம் எப்படி இருக்கும்?” என்று கேட்காத ஆளில்லை. அதற்காகத்தான் அவள் கணவர் வீரணன் ஒரு தட்டு செய்ய உட்கார்ந்தார். சிலையை மேலே வைத்தால் அதுவே மெதுவாகச் சுற்றிக் காட்டும் தட்டு.

முதலில் பழைய மிக்ஸி மோட்டாரை வைத்துச் செய்தார். அதில் ஏறிய முருகன் ஜன்னல் வழியாகப் பறந்து, எதிர்வீட்டு மலையம்மாளின் இட்லி மாவில் போய் விழுந்தார். மயில் இன்னும் கிடைக்கவில்லை.

இது இரண்டாவது. கெட்டுப்போன மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கழற்றிய மோட்டார், அதன்மேல் ஒரு டப்பா மூடி, அதன்மேல் வட்டமாக அறுத்த பிளைவுட். செலவு ஒன்றுமில்லை. அழகாகத்தான் சுற்றியது. ஆனால் எந்தப் பக்கம் சுற்றும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

“அந்த மோட்டாரோட குணமே அதான்டி. சுவிட்சைப் போடுற நேரம் எந்தப் பக்கம் தோணுதோ அந்தப் பக்கம் கிளம்பிரும்.”

“நல்லா செஞ்சீக போங்க! சாமி இடமாச் சுத்துனா எவன் வாங்குவான்?”

அந்த நேரம் பார்த்து, மாவு கழுவிய முருகனைத் திருப்பிக் கொடுக்க மலையம்மாள் வந்தாள். அவள் கவலை அவளுக்கு. “பிள்ளையாரப்பா, காணாமப் போன என் ஆடு கிடைக்குமா?” என்று கும்பிட்டாள். வீரணன் விளையாட்டாகச் சுவிட்சைப் போட்டார். தட்டு வலமாகச் சுற்றியது. சாயங்காலமே ஆடு தானாக வீடு வந்து சேர்ந்தது.

அவ்வளவுதான். வலம் சுற்றினால் ‘ஆமாம்’, இடம் சுற்றினால் ‘வேண்டாம்’ என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. கோயிலில் பூக்கட்டிப் பார்க்கப் போகிறவர்களெல்லாம் வீரணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்கள். சிலை வாங்கத்தான் ஒருவரும் வரவில்லை. வீரணன் விழுந்து விழுந்து சிரித்தார், விஷயம் தன் வீட்டுக்குள்ளேயே வரும்வரை.

“தேவாவுக்கு நம்ம அபியைக் கட்டிக் குடுக்குறதுல உங்களுக்கு என்னதான் கஷ்டம்? எங்க அண்ணன் மகன். திருப்பத்தூர்ல சொந்தக் கடை. முறையும் இருக்கு, பிள்ளைக்கு ஆசையும் இருக்கு.”

“அந்தப் பய இங்குட்டு வந்தப்ப என் தட்டைப் பாத்து என்ன சொன்னான் தெரியும்ல? ‘இதுக்கா மாமா இம்புட்டுக் கஷ்டப்பட்டீக? ஆன்லைன்ல இதைவிட மலிவா வருதே’ங்குறான்! அவனுக்கு என் பொண்ணா? நடக்காது!”

“அவரு இல்லாட்டி நான் யாரையுமே கட்ட மாட்டேன்” என்று அபி அழுதாள். அவள் அழுகையும் நிஜம், அப்பாவின் ரோஷமும் நிஜம். நடுவில் மாட்டிக்கொண்ட நாகவல்லிக்குத் தலை வெடித்தது.

“உங்க பேச்சும் வேண்டாம், அவ பேச்சும் வேண்டாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை. பிள்ளையார்கிட்டயே கேட்டுருவோம். அவரு சொன்னா சொன்னதுதான். சம்மதமா?”

வீரணன் கொஞ்சம் யோசித்தார். “சம்மதம்” என்றார். முகத்தில் அப்படி ஒரு பக்தி.

அன்று மத்தியானம் நாகவல்லி கடைக்குப் போனதும், அபி வேலையிலிருந்து வருவதற்குள், தட்டைக் கவிழ்த்தார். பழைய மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு பேட்டரி மோட்டார் ஒன்றைப் பொருத்தினார். இது சொன்ன பேச்சு கேட்கிற ரகம். ஒயரை எப்படிக் கொடுக்கிறோமோ, எப்போதும் அந்தப் பக்கம்தான் சுற்றும். போட்டுப் பார்த்தார். இடம். அணைத்துப் போட்டார். மறுபடியும் இடம்.

“மன்னிச்சிரு பிள்ளையாரப்பா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். “மலிவா வருதாம்ல, மலிவா!”

மறுநாள் சூடம் ஏற்றியாயிற்று. அபி அம்மாவின் காதோடு ஏதோ சொன்னாள்.

“அங்க என்ன குசுகுசுன்னு பேச்சு?”

“உங்களுக்கும் சேத்துக் கும்பிடச் சொன்னேம்ப்பா.”

வீரணனுக்கே ஒரு நொடி பாவமாக இருந்தது. நாகவல்லி கண்ணை மூடி, மனசுக்குள்ளேயே கேட்டுவிட்டு, “ம், போடுங்க” என்றாள்.

போட்டார். பிள்ளையார் லேசாகக் குலுங்கி, இடப்பக்கமாகக் கிளம்பினார்.

“அடடா, என்ன இப்படி ஆயிப்போச்சு!” முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள வீரணன் படாத பாடு பட்டார். “சரி விடு. சாமியே சொன்னப்புறம் நாம யாரு?”

“அதான! நாம யாரு?” நாகவல்லி மகளைக் கட்டிக்கொண்டாள். “அண்ணனுக்கு இப்பவே போன் போடுறேன். வாற முகூர்த்தத்துலயே நிச்சயம் பண்ணிருவோம்.”

“ஏய், ஏய்! அதான் இடமாச் சுத்திருச்சே!”

“ஆமா. ‘இந்தக் கல்யாணத்தை நிறுத்திரவா பிள்ளையாரப்பா’ன்னுதான கேட்டேன்? வேண்டாம்னுட்டாரு! அப்பா ஆசையை முன்னால வச்சுக் கேளும்மா, அதான் மரியாதைன்னு உங்க பொண்ணுதான் சொன்னா.” நாகவல்லி போனைத் தேடி உள்ளே ஓடினாள்.

வீரணன் மெதுவாக மகள் பக்கம் திரும்பினார். அபி பிள்ளையாரைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

“புது மோட்டார் நல்லா இருக்குப்பா. நேத்து சாயங்காலத்துலேருந்து நானும் போட்டுப் போட்டுப் பாக்குறேன், ஒரு தடவைகூட வலப்பக்கம் திரும்பவே மாட்டேங்குது!”