வெளிறும் மஞ்சள்

மொன்றியல் ஆய்வகத்தின் சன்னல் வெயிலில், ஒரு கடல்நாய்க் குட்டியின் இரத்த மாதிரிகள் விட்ட குழித்தட்டு மஞ்சளாகிறது. நாளுக்கு ஒரு குழி. பால் குடித்த நாள்களின் குழிகளில் மஞ்சள் அடர்ந்திருக்கிறது; தாய் விட்டுப்போன நாளிலிருந்து குழிக்குக் குழி வெளிறிக்கொண்டே போகிறது. "குட்டி சோர்ந்துபோச்சா?" என்கிறான் புதிதாகச் சேர்ந்த சுப்புராஜ். "இல்லை, இந்தச் சோதனையில வெளிறினால்தான் இரத்தத்தில ஹார்மோன் கூடியிருக்கெண்டு அர்த்தம்," என்று சிரிக்கிறாள் வினோஜா. "பட்டினியில தன்ர கொழுப்பையே எரிச்சு, கடலுக்குள்ள சுழியோட உடம்பைத் தயாராக்குது." கடைசிக் குழி மட்டும் வெறுமையாக இருக்கிறது. அவன் குரல் தாழ்கிறது. "செத்துருச்சா?" வினோஜாவின் கையுறை விரல் அந்தக் குழியின் மேல் நிற்கிறது. "அண்டைக்கு நாங்கள் இரத்தம் எடுக்கப் போகேக்க ஆள் இல்லை. பனியில தடம் மட்டும் கிடந்தது, நேரா தண்ணிக்குள்ள."