பக்கத்து வீட்டுப் புயல்

பக்கத்து வீட்டுக்காரர் தினமும் காலையில் காற்றடிக்கும் பெட்ரோல் ப்ளோயரால் தன் வாசலை ஊதுவார். சருகெல்லாம் இந்த வீட்டு வாசலில் வந்து குவியும். இந்த வீட்டுக்காரி அவருக்கு வைத்த பெயர் 'புயல்'.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வாங்க!" என்று கணவனை அனுப்பினாள்.

ஜன்னல் வழியே பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவன் புயலின் ப்ளோயரைக் கழற்றி, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

"சண்டை போடச் சொன்னா, சர்வீஸ் பண்ணிட்டு வர்றீங்களா?"

"பாவம்டி, தூசி அடிச்சு கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. கண்ணாடி போடுங்க, இன்ஜின் ஆறினப்புறம் பெட்ரோல் ஊத்துங்கன்னு நாலு வார்த்தை சொன்னேன்."

"நல்லா சொன்னீங்க போங்க!"

மறுநாள் ப்ளோயர் முன்னைவிடப் பலமாக உறுமியது. துடைப்பத்தோடு ஓடிவந்தவள் திகைத்து நின்றாள். அவள் வாசலில் ஒரு சருகு இல்லை. எல்லாவற்றையும் புயல் தன் தோட்டத்து மூலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது அதிசயம்?" என்று பின்னால் வந்த கணவனைக் கேட்டாள்.

"காத்துக்கு எதிரா ஊதினா தூசி கண்ணுல அடிக்கும், காத்து முதுகுப் பக்கம் இருக்கணும்னேன். காலையில காத்து எங்கேருந்து அடிக்குது?"

"நம்ம வீட்டுப் பக்கமிருந்து!"

மதிலுக்கு அப்பாலிருந்து புயல் கையசைத்தார். "சார், கண்ணு உறுத்தலே இல்ல. ரொம்ப தேங்க்ஸ்!"

கணவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"தெனமும் இப்படியே ஊதுங்கண்ணே, உடம்பு முக்கியம்!"