சீல் உடையாத பாட்டில்

பேனாவின் மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள் மச்சினி. “ரிசல்ட் வந்ததும் கையெழுத்துப் போட்டுடறேன் அத்தான்.”

ஆலை மேலாளருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. போன வாரம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அக்கா எதிரிலேயே முகத்தில் அடித்தாற்போல் பேசியவள் இவள்தான். “கழிவை ஆத்துல விடறதை நிறுத்துங்க. அதுவரைக்கும் என் பேனா மூடியே திறக்காது.”

ஆற்று நீரைப் பரிசோதிக்கும் அதிகாரி அவள். ‘சுத்தம்’ என்று அவள் எழுதினால்தான் ஆலையின் உரிமம் இன்னும் ஐந்து வருஷம் ஓடும். மேலிடத்திலிருந்து மிரட்டிப் பார்த்தபோதும் அவள் அசையவில்லை. “இந்த ஆத்தை நம்பிக் கீழே ஒரு ஊரே இருக்கு சார். வேணும்னா என்னை மாத்துங்க, ரிப்போர்ட் மாறாது.”

மேலாளர் யோசித்தார். ஆளும் மாறமாட்டாள், ரிப்போர்ட்டும் மாறாது. பாக்கி இருந்தது தண்ணீர்தான்.

இன்று காலை வழி பிறந்தது. அவளே ஆற்றில் இறங்கித் தண்ணீர் பிடித்து, பாட்டில் மூடிமேல் சீல் ஒட்டிக் கிளம்பும்போது, அவளுடைய ஆபீஸ் ஜீப் ஆலை வாசலிலேயே படுத்துவிட்டது. “நீ ஜீப்பைப் பாரும்மா. பாட்டிலை நான் என் கார்ல கொண்டுவந்து சேர்க்கறேன்,” என்றார். அவள் சீலை ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள்.

தன் அறையைத் தாழிட்டு, சீலை ஆவியில் காட்டிக் கிழியாமல் உரித்தார். ஆற்று நீரை வாஷ்பேசினில் கொட்டி, அங்கேயே குழாயில் வந்த நகராட்சிக் குடிநீரைப் பிடித்து நிரப்பினார். சந்தேகம் வராமலிருக்க ஆற்றுமண் ஒரு சிட்டிகை கலந்தபோது, தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

இப்போது அவள் தன் ஆய்வகத்தில் ஒவ்வொரு சோதனையாகச் செய்துகொண்டிருந்தாள்.

காத்திருந்த அலுப்பில் அங்கிருந்த குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தவர் முகத்தைச் சுளித்தார். “எப்படித்தான் இதைக் குடிக்கிறீங்களோ! ஒரே மருந்து நாத்தம். நான் கேன் தண்ணி தவிர வாயில வைக்கிறதில்லை.”

“எங்களுக்குப் பழகிடுச்சு அத்தான்.”

கடைசிக் கண்ணாடிக் குழலில் ஏதோ பொடியைப் போட்டாள். நீர் மெல்ல ரோஜா நிறமானது.

“என்னம்மா, சிவக்குது? ஏதும் தப்பா?”

“பயப்படாதீங்க. குடிக்கிற தண்ணின்னா இப்படித்தான் சிவக்கணும்.”

மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் படிவத்தை நீட்டினாள். “முதல்ல நீங்க போடணும். கொண்டுவந்தவர் நீங்கதானே?”

‘ஆற்றில் எடுத்த நீரை, சீல் உடையாமல் அப்படியே ஒப்படைத்தேன்’ என்ற வரிக்குக் கீழே உற்சாகமாகக் கிறுக்கினார். ‘பொய்யானால் உரிமம் ரத்து’ என்று அதற்கும் கீழே இருந்த பொடி எழுத்தை அவர் படிக்கவில்லை. அவளும் கையெழுத்துப் போட்டாள்.

“உங்க அக்கா இன்னைக்குத்தான் நிம்மதியா சாப்பிடுவா,” என்றபடி எழுந்தார்.

அவள் சிவந்த குழலை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினாள். பிறகு அறிக்கையை அவர் பக்கம் திருப்பி, ‘குளோரின்’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்தாள்.

“ஆத்துக்கு யார் அத்தான் மருந்து போட்டது?”